ஸ்கூட்டர் வாங்குமுன் ஏத்தத்தை அளப்போம்



போன மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சந்தா விஷயம், கொழுந்து நிறுவை விஷயம் எல்லாம் பேசி முடித்த பிறகு ஓர் இளைஞர் எழுந்தார். "தலைவரே, கரண்ட் ஸ்கூட்டர் வாங்கலாமா, வேணாமா? சங்கம் என்ன சொல்லுது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். ஸ்கூட்டர் வாங்குவதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் டிவிசனில் வாங்கிய மின்சார ஸ்கூட்டர்களில் சில நன்றாக ஓடுகின்றன. சில, லயத்து இஸ்தோப்பில் சாக்குப் போட்டு மூடியபடி நிற்கின்றன. வண்டி நின்றாலும் தவணை நிற்கவில்லை. தொழிலாளியின் சம்பளத்தில் மாதம் பத்து நாள் உழைப்பைக் கொண்டு போகும் எந்த விஷயமும் சங்கத்து விஷயம்தான்.

வண்டி தேவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நாலு கிலோமீற்றர். அங்கிருந்து டவுனுக்கு இன்னும் ஒன்பது. பஸ் காலையில் ஒன்று, பாடசாலை விடும் நேரம் ஒன்று. அதைத் தவறவிட்டால் ஆட்டோ ஹயர்தான். கிளினிக், வங்கி, பிள்ளைகளின் டியூஷன், டவுன் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் இரவுப் பயணம் என்று எல்லாவற்றுக்கும் போக்குவரத்து வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய மோட்டார் சைக்கிளின் விலைகூட கைக்கு எட்டாமல் போனது. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்ததையும் யாரும் மறக்கவில்லை. "பெற்றோல் தேவையில்லை, வீட்டில் சார்ஜ் போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் மனம் அந்தப் பக்கம் போவது இயற்கை.

என் அண்ணனின் மனமும் அப்படித்தான் போனது.

அண்ணன் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் ஒரு பகுதியை முற்பணமாகப் போட்டு மகனுக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் எடுத்தார். மீதி லீசிங். மகனுக்கு டவுனில் துணிக்கடையில் வேலை. "சித்தப்பா, நீங்க கரண்ட் வேலை தெரிஞ்சவரு, வந்து ஒரு பார்வை பாருங்க" என்று கூப்பிட்டான். ஸ்டோரில் 18 வருடம் மின்சார வேலை பார்த்தவன் நான். போனேன். சார்ஜரைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், பிளக்கைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு சார்ஜில் 70 கிலோமீற்றர் என்று தாளில் அச்சடித்திருந்தது. கடை வாசலில் சமதரையில் ஒரு வட்டம் அடித்துப் பார்த்தோம். "எடுக்கலாம்" என்றேன். பிணைக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஏத்தத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மகன் தனியாகப் போய்வந்த முதல் மாதங்களில் குறையில்லை. அண்ணிக்குச் சீனி வருத்தம், மாதம் ஒரு தடவை கிளினிக். அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மூன்றாவது முடக்கிலேயே வண்டி திணறும். அண்ணி மருந்துப் பையோடு இறங்கி நடப்பார், மகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வருவான். மழை நாளிலும் அப்படித்தான். ஒரு வருடம் முடிந்து அடுத்த மாதம், தனியாளைக்கூட இழுக்க முடியாமல் போனது. பெட்டரி முடிந்துவிட்டது என்றார்கள். பெட்டரிக்கு உத்தரவாதம் ஆறு மாதம்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. புதிய பெட்டரி செட்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டு அண்ணன் ஒன்றும் பேசவில்லை. 33 வருடம் மலையேறிச் சேர்த்த காசு அது. இன்னும் 20 மாதத் தவணை பாக்கி. அதில் இரண்டு மாதத் தவணையைப் பிணைக்காரன் என்ற முறையில் நானும் கட்டியிருக்கிறேன்.

அதே வண்டி யாழ்ப்பாணத்தில் ஓடியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. சமதரைக்குச் செய்த வண்டியை மலைக்கு வாங்கியது எங்கள் பிழை. அந்தப் பிழையை இன்னொரு குடும்பம் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏத்தக் கணக்கு

இந்தக் கணக்கு கஷ்டமில்லை. வண்டி 100 கிலோ, ஓட்டுபவர் 60, பின்னால் இருப்பவர் 55, பை 10 என்று வைத்தால் மொத்தம் 225 கிலோ. இந்தச் சுமையை 250 மீற்றர் உயரத்துக்குக் கொண்டு போக, மோட்டரில் சூடாகி வீணாவதையும் சேர்த்துச் சுமார் 0.2 யுனிட் மின்சாரம் வேண்டும். பெட்டரியில் எவ்வளவு இருக்கிறது? 60 வோல்ட், 20 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். 1.2 யுனிட் வரும். ஆகவே முழுச் சார்ஜில் ஆறில் ஒரு பங்கு உயரம் ஏறுவதற்கே போய்விடும். தூரம் ஓடுவதற்கான செலவு இதற்கு மேல். குழி விழுந்த கல் ரோட்டில் அதுவும் கூடும். ஜனவரி, பெப்ரவரிக் குளிரில் பெட்டரி தருவதும் குறையும்.

உங்கள் லயத்துக்கும் டவுனுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்பதைப் பிள்ளைகளின் போனில் பார்க்கலாம். உயரம் காட்டும் செயலிகள் உண்டு. லயத்து வாசலில் ஒரு தடவை, டவுனில் ஒரு தடவை பார்த்துக் கழித்தால் போதும். கடைக்காரர் சொல்லும் தூரம் பெரும்பாலும் ஓர் ஆள், சமதரை, மெதுவான வேகம் என்ற கணக்கில் வருவது. நமக்கு அதில் பாதி என்று எடுங்கள். அந்தப் பாதி, போக வர உள்ள தூரத்தைவிட நன்றாகக் கூடுதலாக இருக்கவேண்டும். ஏனென்றால் பெட்டரி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் இறங்கும், நம் மலை இறங்காது.

தூரத்தைவிட முக்கியம் மோட்டரின் வலு. பத்து அடிக்கு ஓர் அடி உயரும் வீதியில், இரண்டு பேரோடு, மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏற, சக்கரத்துக்குச் சுமார் 1,400 வாட் வேண்டும். நம் தோட்டங்களில் அதைவிடச் செங்குத்தான முடக்குகள் உண்டு. அண்ணன் மகனின் வண்டி மோட்டர் 800 வாட். அது கொஞ்சத் தூரம் திணறி இழுக்கும், சூடாகும், பெட்டரியிலிருந்து அளவுக்கு மீறி உறிஞ்சும். அப்படி உறிஞ்சியே பெட்டரியின் ஆயுள் போகும்.

தாளில் இரண்டு எண்கள் இருக்கலாம். ஒன்று மோட்டர் தொடர்ந்து தரும் வலு. மற்றது சில நொடிகள் மட்டும் தரும் உச்ச வலு. கடையில் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள். நாம் கேட்கவேண்டியது சிறிய எண்ணை. தொடர்ந்து தரும் வலு 1,500 வாட்டுக்குக் குறைவாக இருந்தால், இரண்டு பேரோடு தோட்டத்து ஏத்தம் ஏறலாம் என்று நம்பி வாங்கவேண்டாம்.

எந்தத் தாளையும்விட நல்ல சோதனை ஒன்று உண்டு. வண்டியைப் பின்னால் ஓர் ஆளோடு, பெட்டரி பாதி இறங்கிய நிலையில், உங்கள் சொந்த ஏத்தத்தில் ஏற்றிப் பாருங்கள். கடைக்காரர் அவ்வளவு தூரம் தரமாட்டார் என்றால் டவுனில் உள்ள ஆகச் செங்குத்தான வீதியைக் காட்டுங்கள். அதற்கும் மறுத்தால் அந்தக் கடையை விட்டு வாருங்கள்.

பெட்டரி எந்த வகை?

இப்போது இரண்டு வகை வருகிறது. ஈய அமிலப் பெட்டரி விலை குறைவு, பாரம் கூட. தினமும் ஆழமாக இறக்கிச் சார்ஜ் போட்டால் 300 முதல் 500 தடவைதான் தாங்கும். தினசரி ஓட்டத்துக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று கணக்கு வையுங்கள். லிதியம் வகையில், இரும்பு பொஸ்பேற் என்று சொல்லப்படும் பெட்டரி 1,500 தடவைக்கு மேலும் தாங்கக்கூடியது. விலை கூட. ஆனால் மலையில் அன்றாடம் ஏறி இறங்குகிறவருக்கு ஈய அமில வண்டி மலிவு இல்லை. தவணை முடியுமுன் இரண்டாவது பெட்டரி வாங்கவேண்டி வரும்.

கடையில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை மாதம்? எத்தனை வீதம் இறங்கினால் மாற்றித் தருவீர்கள்? புதிய பெட்டரியின் இன்றைய விலை என்ன? கொன்ட்ரோலர் பழுதானால் உதிரிப்பாகம் எங்கே? பழுது பார்ப்பவர் நம் டவுனில் இருக்கிறாரா, கொழும்பில் இருக்கிறாரா?

பக்கத்து டிவிசனில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் இப்படிக் கேட்டுத்தான் வாங்கினார். அவர் முதல் கடையில் எடுக்கவில்லை, இரண்டாவது கடையிலும் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் லிதியம் வண்டியைத் தன் ஏத்தத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு எடுத்தார். இரண்டு வருடமாக ஓட்டுகிறார். இரவில் கூட்டத்துக்கு வந்தாலும் யாரையும் எதிர்பார்க்காமல் திரும்பிப் போகிறார். ஒரு பெண்ணுக்கு அது சின்ன விஷயமா? வண்டி கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வாங்கினால் இப்படியும் உதவும்.

இறங்கும்போதும் கவனம்

ஏத்தத்தைப் பற்றிக் கேட்பவர்கள்கூட இறக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பெற்றோல் மோட்டார் சைக்கிளைக் கியரில் விட்டு இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும். மின்சார ஸ்கூட்டரில் அது இல்லை. சில வண்டிகளில் இறங்கும்போது மோட்டரே பிரேக் பிடித்துப் பெட்டரிக்குச் சார்ஜ் அனுப்பும். நல்ல வசதிதான். ஆனால் நாம் காலையில் பெட்டரி நிறைந்த நிலையில் லயத்திலிருந்து இறங்குகிறோம். நிறைந்த பெட்டரி மேலும் சார்ஜ் ஏற்காது. அந்த நேரம் அந்தப் பிரேக் வேலை செய்யாமல் போகலாம், அல்லது மிகவும் பலவீனமாக இருக்கும். ஆகவே முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியே நமக்கு வேண்டும். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பிரேக் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதை விளக்கத் தேவையில்லை.

இலக்கத்தகடு, பதிவுச் சான்றிதழ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம், இரண்டு தலைக்கவசம், இதில் எதையும் விடவேண்டாம். "இந்த வண்டிக்கு இதெல்லாம் தேவையில்லை" என்று கடையில் சொன்னால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுத் தெளிந்த பிறகு காசு கொடுங்கள். பிடிபடும்போது கடைக்காரர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

லயத்தில் சார்ஜ் போடுவது

இதுதான் என்னைப் பயப்படுத்தும் விஷயம். மலையகத்தில் லயன் தீ விபத்து என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. ஒரே கூரை, ஒட்டிய சுவர், பழைய மரம், அடுப்புப் பக்கத்தில் விறகு. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை.

ஸ்கூட்டர் சார்ஜர் இழுக்கும் மின்சாரம் ஓர் அயன் இழுப்பதைவிடக் குறைவு. "அயன் போடுற பிளக்தானே, இதுக்கும் தாங்கும்" என்று சொல்வார்கள். அயன் பத்து நிமிடம் ஓடும். சார்ஜர் ஆறு, ஏழு மணிநேரம் விடாமல் ஓடும். தளர்ந்த பிளக், முறுக்கிக் கட்டிய வயர், பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த லைன், இவை பத்து நிமிடத்தில் காட்டாத சூட்டை ஏழு மணிநேரத்தில் காட்டும். ஆட்கள் தூங்கும் நேரத்தில் காட்டும்.

ஆகவே இவற்றைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடவேண்டாம். வெளியே ஓடும் வாசலை மறித்து வண்டியை நிறுத்தவேண்டாம். அடுப்பு, விறகு, மண்ணெண்ணெய் பக்கத்தில் வேண்டாம். காற்றோட்டம் இருக்கவேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் வேண்டாம். நீட்டு வயரில், பல பிளக் செருகும் பலகையில் வேண்டாம். ஏத்தம் ஏறி வந்த சூட்டோடு, மழையில் நனைந்த ஈரத்தோடு உடனே போடவேண்டாம். பெட்டரி உப்பினால், வாடை வந்தால், வழக்கத்துக்கு மாறாகச் சுட்டால் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தீப்பிடித்தால் அணைக்க நிற்காமல் எல்லாரையும் வெளியேற்றுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்கக்கூடாது.

உங்கள் காம்பராவின் வயரிங் பாதுகாப்பானதா, எர்த் இருக்கிறதா, டிரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று வண்டி வாங்குமுன் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் அந்தச் செலவு, பிறகுதான் வண்டி.

தவணை எத்தனை பேர்?

காசுக் கணக்கை ரூபாவில் பார்த்தால் நமக்கு உறைப்பதில்லை. பேரில் பாருங்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவையே கணக்குக்கு எடுப்போம். மாதத் தவணை 14,000 ரூபா என்றால் அது பத்துப் பேருக்கும் மேல். மழையால், காய்ச்சலால் வேலை குறைந்த மாதத்திலும் அந்தப் பத்துப் பேர் கம்பனிக்குத்தான். 36 மாதம் கட்டினால் 5 இலட்சத்து 4 ஆயிரம் ரூபா. வண்டியின் ரொக்க விலையை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முற்பணத்தையும், இடையில் வரும் பெட்டரிச் செலவையும் அதோடு கூட்டுங்கள்.

மின்கட்டணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. என் கணக்கின்படி தினமும் டவுனுக்குப் போய்வந்தால் மாதம் 30 யுனிட் வரை ஏறும். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யுனிட்டைத் தாண்டினால் முதல் யுனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் வேறு. 45 யுனிட் பாவிக்கும் வீடு 75க்குப் போனால் அந்த 30 யுனிட்டின் விலை மட்டும் கூடாது, முழு பில்லும் மாறும். பெற்றோலைவிட இது மிச்சமாகவே இருக்கலாம். ஆனால் பில்லைக் கையில் எடுத்து, உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே மின்மானியில் இரண்டு குடும்பம் இருந்தால் கூடும் காசை யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசுங்கள். இல்லாவிட்டால் வண்டி வந்த மாதமே சண்டையும் வரும்.

சேமலாப நிதியை முழுதாக வண்டியில் போடாதீர்கள். நகையை அடகு வைத்து முற்பணம் கட்டாதீர்கள். நுண்நிதிக் கடன் எடுத்து லீசிங் தவணை கட்டும் நிலைக்குப் போகாதீர்கள். பிணைக்குக் கையெழுத்துப் போடுமுன், அந்தத் தவணையை நீங்களே கட்ட முடியுமா என்று யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

சங்கம் கேட்கவேண்டியது

இவ்வளவும் தனி ஆள் செய்யவேண்டியது. ஆனால் எல்லாச் சுமையையும் தனி ஆளின் தலையில் வைத்துவிட்டுச் சங்கம் ஒதுங்கக்கூடாது. என் கருத்தில் மூன்று விஷயங்களை நாம் கையில் எடுக்கவேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு டிவிசனிலும் லயத்துக்கு வெளியே, தனி மின்மானியோடு, கூரை போட்ட ஒரு சார்ஜ் கொட்டகை. மடுவத்துப் பக்கத்திலோ வாசிகசாலைப் பக்கத்திலோ அமைக்கலாம். பாவிப்பவர்கள் பாவித்த யுனிட்டுக்குக் காசு கட்டலாம். நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பதால் அனுமதியை நிர்வாகத்திடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒரு கொட்டகைக்கே அனுமதி கேட்டு நிற்கும் நிலை, சொந்தக் காணி, சொந்த வீடு என்ற நம் பழைய கோரிக்கை ஏன் இன்னும் முடியவில்லை என்பதையும் நினைவுபடுத்தும்.

இரண்டாவது, வீதி. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிட முடியாது என்ற பழைய சாட்டு செல்லாது. நம் உறுப்பினர்களிடம் அதை எழுத்தில் கேட்கவேண்டும். குழி நிறைந்த ரோட்டில் எந்த வண்டியும் நிலைக்காது.

மூன்றாவது, பஸ். "இப்போது எல்லாரிடமும் ஸ்கூட்டர் இருக்கிறதே" என்று சொல்லி இருக்கும் பஸ்ஸையும் குறைக்க விடக்கூடாது. வயதானவர்கள், கர்ப்பிணித் தாய்மார், கைக்குழந்தைக்காரர்கள், பாடசாலைப் பிள்ளைகள், இவர்களுக்கு ஸ்கூட்டர் பதில் இல்லை. வண்டி வாங்க வசதியுள்ள பத்துக் குடும்பம் தப்பித்துக்கொண்டு, மற்றவர்கள் நடந்து போவது நம் வழியும் இல்லை.

அந்த இளைஞருக்கு என் பதில் இதுதான். தம்பி, வாங்கலாம். அதற்கு முன் உங்கள் ஏத்தத்தை அளந்து, பெட்டரியின் வகையைக் கேட்டு, பிளக்கைச் சரிபார்த்து, தவணையைப் பேரில் எண்ணிப் பாருங்கள். நாலும் சரிவந்தால் எடுங்கள். ஒன்று சரிவராவிட்டாலும் கொஞ்சம் பொறுங்கள். கடைக்குப் போகும் நாளில் என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். இந்த முறை சார்ஜரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பமாட்டேன், உங்கள் அம்மாவைப் பின்னால் ஏற்றி நம் மூன்றாவது முடக்கு வரை போய்ப் பார்த்துத்தான் சொல்வேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சார்ஜ் கொட்டகை விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கிறோம். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தங்கள் பில்லையும், உத்தரவாதத் தாளையும் கொண்டு வாருங்கள். நிர்வாகத்திடம் போகும்போது நம் கையில் கணக்கு இருக்கவேண்டும்.

தோழமையுடன்,
தோட்டத் தலைவர் ஒருவர்